வரதனின் கணையமும் தனகோட்டியின் எக்ஸ்ரே அறையும்

தனகோட்டி இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். கும்மிடிப்பூண்டியில் என் கிளினிக்கில் ஒரு குழந்தையின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியை வாசலில் உறுமவிட்டு உள்ளே வந்தவர், "எளாவூரு தனகோட்டி காலைல தவறிட்டாரும்மா. உங்களாண்ட சொல்லிட்டுப் போவச் சொன்னாங்க" என்றார். சொல்லிவிட்டுப் போயும்விட்டார். குழந்தை வாயைத் திறந்தபடியே இருந்தது. டார்ச்சை அணைக்காமல் நான் நின்றுகொண்டிருந்ததை அதன் அம்மாதான் சொன்னாள். கிளினிக்கைச் சாத்திவிட்டு எளாவூர் பஸ் ஏறினேன்.

திருவள்ளூரில் டிரஸ்ட் ஒன்று நடத்திய அந்த முப்பது படுக்கை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நமக்கெல்லாம் அவர் எக்ஸ்ரே தனகோட்டி. ஆஸ்பத்திரியை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பழைய ஆட்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டபோது, அழுதுவடியும்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. தனகோட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பரபரப்புதான் வருகிறது. இருட்டறைக் கதவு திறந்து, தண்ணீர் சொட்டும் பிலிமோடு அவர் ஓடிவருவார் என்றே தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் வேலை செய்யும் விதம் எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நோயாளி மேசையில் ஏறுமுன் ஒரு விசாரணை நடக்கும். "இன்னா வேல பண்ற நைனா? எத்தத் தூக்குற? எந்தப் பக்கம் சாயற?" வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். ஒருமுறை செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தோள்வலி என்று வந்தாள். கையைத் தொங்கப்போட்டு எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. தனகோட்டி அவளைத் தலைச்சுமை பிடிக்கிற மாதிரி கையை உயர்த்தச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். எலும்பில் முடிபோல ஒரு விரிசல் தெரிந்தது. இரண்டாவது பிலிமை வீணடித்ததற்காகத் திட்டப் போன நான் வாயை மூடிக்கொண்டேன். "நல்லாருக்கறப்ப எடுத்தா அது கல்யாணப் படம் டாக்டரம்மா. நோவுறப்ப எடுக்கறதுதான் நம்ம படம்" என்றார். இதை அவர் வாயால் நூறுமுறையாவது நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வரதன் விஷயம் உங்களில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுவதும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருத்தி. அதனால் எழுதிவிடுகிறேன். இதில் தப்பு செய்தவள் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் வரதன் மடைப்பள்ளிச் சமையல்காரர். நாற்பத்தைந்து வயது, ஒட்டிய வயிறு, மனைவி, இரண்டு பெண்கள். குடியிருந்தது கோயில் கொடுத்த வீட்டில். ஒருநாள் மேல்வயிற்று வலியில் சுருண்டுகொண்டு மாட்டுவண்டியில் வந்தார். வலி முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போனது, வாந்தி நிற்கவில்லை. இரண்டு மாதம் முன்பும் இதே போல வந்து தானாக அடங்கியதாம். கணையமோ என்று எனக்குச் சந்தேகம். ரத்தத்தை ஐஸ் பிளாஸ்கில் வைத்துக் காலை ரயிலில் மெட்ராஸுக்கு அனுப்பினேன். முடிவு நினைத்தபடியே வந்தது. கணையம் வெந்துபோயிருந்தது. உணவைச் செரிக்கச் சுரக்கும் நீர் கணையத்தையே அரிக்க ஆரம்பிக்கிற நோய் அது. அந்நாளில் அடிக்கடி வந்தால் ஆளைக் கொண்டுபோய்விடும்.

நான் படித்த பாடத்தில் இதற்குப் பெரிய காரணங்கள் இரண்டு. பித்தப்பைக் கல், இல்லையென்றால் குடி. சாயமாத்திரை கொடுத்துப் பித்தப்பையைப் படம் எடுத்தோம். கல் இல்லை. "குடிப்பீங்களா?" என்று கேட்டேன். வரதன் காதைப் பொத்திக்கொண்டார். "தொட்டதே இல்ல டாக்டர். பெருமாள் சத்தியமாச் சொல்றேன்." எனக்கு அது போதவில்லை. மதுவிலக்கு இருந்த காலம். குடித்தேன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சத்தியம் செய்கிறவர்களைத்தான் நாங்கள் முதலில் சந்தேகிப்போம். கள்ளச்சாராயம் குடித்துக் குடல் வெந்தவர்கள் எத்தனையோ பேர் கற்பூரம் அடிக்காத குறையாக என்னிடம் மறுத்திருக்கிறார்கள். கேஸ் ஷீட்டில் காரணம் என்ற இடத்தில் 'குடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் கோயில் தர்மகர்த்தா வரதனைப் பார்க்க வந்தார். நெல்வயல் நிறைய உள்ளவர், மரியாதையான மனிதர். "அவனுக்கு எதனால இது வந்தது டாக்டரம்மா?" என்று கேட்டார். தலைக்குமேல் வேலை இருந்தது, எரிச்சலில் இருந்தேன். "குடிதான், வேற என்ன?" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "குடிக்கிறவன் கையால பெருமாளுக்குத் தளிகையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போனார். சாயங்காலமே ஆள் வந்தது. இனி வரதன் மடைப்பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. மாதம் முடிவதற்குள் வீட்டையும் காலி செய்துவிட வேண்டும். அவர் மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையைத் தவிர்க்க அந்த வார்டுக்கு நான் வேகமாகப் போய் வேகமாக வந்தேன்.

தனகோட்டிதான் கிளறினார். "அவுரு குடிக்கிற ஆளு இல்ல டாக்டரம்மா" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "எங்கூரு எளாவூரு. எல்லைக்கு அந்தாண்டேருந்து வர்ற சரக்கு எங்க ஊட்டு வாசலாண்டதான் போவுது. குடிக்கிறவன எனக்குத் தெரியாதா? இவுரு கண்ணு அப்பிடி இல்ல." கண்ணைப் பார்த்து வைத்தியம் செய்வதானால் நாம் இருவரும் நாற்காலியை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வரதன் வந்த அன்று எடுத்த வயிற்றுப் படத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல் ஓரத்தில், இதயத்தின் நிழலுக்குப் பின்னால், நெல்லிக்காய் அளவு ஒரு காற்றுக்குமிழ். "இது இங்க இன்னாத்துக்கு வந்துச்சு?" என்றார். அது ஒன்றுமில்லை, பிலிமில் கறை என்றேன். அவர் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பத்தாவது நாள். வரதன் சொட்டுமருந்திலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து சோற்றுக்கும் வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவர் தொடமாட்டார். மனைவி சமைத்துக் கொண்டுவந்ததை வயிறு நிறையச் சாப்பிட்டார். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். அதை யார் கையிலும் கொடுக்கமாட்டார். தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே மடங்கி விழுந்தார். எக்ஸ்ரே அறை ஜன்னலிலிருந்து பார்த்த தனகோட்டி என் அறைக்கு ஒரே ஓட்டமாக வந்தார். மூச்சு வாங்கியது. "டாக்டரம்மா, மறுபடி வந்துட்ச்சு. பத்து நாளா நம்மகிட்டத்தான் கீறாரு. இப்ப யாரு ஊத்திக் குடுத்தாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாளாக அந்த மனிதர் எங்கள் கண்ணெதிரில் கிடந்தார். ஒரு சொட்டு உள்ளே போயிருக்க வழியில்லை. அப்படியானால் கேஸ் ஷீட்டில் நான் எழுதியிருப்பது பொய். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அதைவிட அதிகமாக எனக்குள் ஒரு குறுகுறுப்பு கிளம்பிவிட்டது. கல்லும் இல்லை, குடியும் இல்லை, பிறகு எது?

அன்று மதியம் நாங்கள் இருவரும் தடித்த பாடப்புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வலிக்குப் போட்ட ஊசியில் வரதன் தூங்கிக்கொண்டிருந்தார். நான் பொடி எழுத்தில் இருந்த அரிய காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னேன். பொன்னுக்கு வீங்கி வந்தால் கணையமும் வீங்கலாம். தனகோட்டி எட்டிப் போய் வரதனின் கன்னத்தைப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். குடற்புழு கணையக் குழாய்க்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளலாம். மலத்தை இரண்டு நாள் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. வயிற்றில் அடிபட்டால் வரலாம். "மாடு முட்டிச்சா சாமி?" என்று வரதன் விழித்தவுடன் தனகோட்டி கேட்டுப் பார்த்தார். முட்டவில்லை. ரத்தத்தில் கொழுப்பு பால்போல் மிதந்தால் வரலாம். சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்தோம், தெளிவாக இருந்தது. ஏதோ ஒரு தேசத்துத் தேள் கொட்டினால் வரும் என்று படித்தபோது தனகோட்டி எழுந்தே நின்றுவிட்டார். "தேளா? நம்மூருத் தேளுக்கு அவ்ளோ சாமர்த்தியம் இருக்குதா?" இல்லை, அது கடல் கடந்த தேள் என்றேன். ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

புத்தகம் தீர்ந்துபோயிற்று. தனகோட்டி வட்டம் போட்ட பிலிமை மறுபடி மேசைமேல் வைத்தார். "சாப்ட்டாரு, குனிஞ்சாரு, வந்துச்சு. மொத வாட்டியும் அப்பிடித்தானான்னு கேளுங்க." கேட்டேன். வரதன் யோசித்துச் சொன்னார். தளிகை முடிந்து பெருமாளுக்குக் காட்டும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உச்சிப்பொழுதில்தான் முதல் சாப்பாடு, அதுவும் ஒரு நாளைக்கான சாப்பாடு மொத்தமாக. உடனே குனிந்து தவலைகளைத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தாழ்ந்த வாசலில் மடங்கி உள்ளே போகவேண்டும். உற்சவ நாளில் தவலை பெரிது. இரண்டு முறையும் வலி வந்தது உற்சவ நாளில்தான்.

இரைப்பை மார்புக்குள் ஏறுகிறதோ என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத் திரையில் உணவுக்குழாய் இறங்குவதற்கு ஓர் ஓட்டை உண்டு. அது அகன்றுபோனால் இரைப்பை அதன் வழியாக மேலே ஏறிவிடும். ஹயாடஸ் ஹெர்னியா என்போம். பேரியம் என்ற வெள்ளைப் பொடியைக் கரைத்துக் குடிக்கவைத்துப் படம் எடுத்தால் வெள்ளையாகத் தெரிந்துவிடும். வலி அடங்கிச் சில நாள் கழித்து எடுத்தோம். ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய இரண்டு கோடுகள் மட்டும் இறங்கியிருந்தன. நான் சோர்ந்துபோனேன். இனி எனக்குத் தெரியாது, மாதம் முடிய நான்கு நாள்தான் இருக்கிறது, அவர்கள் வீட்டைக் காலி செய்யட்டும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

மறுநாள் காலை தனகோட்டி என்னைக் கையோடு எக்ஸ்ரே அறைக்குப் பின்புறம் கூட்டிப்போனார். சாக்கடை ஓரமாக வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. எங்கள் பேரியம். தனகோட்டி கலக்கிக் கொடுத்ததை வரதன் பேருக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை ஜன்னல் வழியாகக் கொட்டியிருக்கிறார். மற்றவர் கை பட்ட சோறோ தண்ணீரோ அவர் உட்கொள்வதில்லை. சொல்லவும் கூச்சம், மறுக்கவும் பயம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க கையால வாங்கிக் குடிக்க மாட்டாராம். இந்த மனுஷனுக்காகவா இத்தனை பாடு படறீங்க?" என்று தனகோட்டியிடமே கத்தினேன். அவர் முகத்தில் ஒரு கணம் எதுவோ வந்து போயிற்று. வலிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பிறகு சொன்னார்: "எனக்கும் பேஜாராத்தான் இருக்குது. அத்த அப்பறம் பாத்துக்கலாம். அவுரு குடிக்கலன்றது நெஜந்தானே? அதுக்குப் படம் வேணும். பொடிய அவருகிட்டயே குடுத்துடலாம்."

அப்படித்தான் செய்தோம். வரதன் வீட்டுக் கிணற்றிலிருந்து அவர் பெண் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். வரதன் குளித்துவிட்டு வந்து, மடைப்பள்ளியில் செய்வதுபோல வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, தன் வெண்கலப் பாத்திரத்தில் பேரியப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினார். நாங்கள் கலக்கினால் கட்டி கட்டியாக நிற்கும். அவர் கலக்கியது ஆடைபோல வழிந்தது. தனகோட்டி எட்ட நின்று பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இத்தினி வருசத்துல இப்பிடி ஒரு பேரியம் நான் பாத்தது இல்ல" என்றார். வரதன் முழுப் பாத்திரத்தையும் அண்ணாந்து குடித்தார்.

பிறகு தனகோட்டி தன் பாணியை ஆரம்பித்தார். "சாமி, இப்ப உங்க தவலயத் தேய்க்கிறாப்ல குனிங்க. எயுந்துக்காதீங்க." சுமை தூக்கவைக்க எனக்குப் பயம். வலி வந்தால் நிறுத்திவிடவேண்டும் என்று மருந்தோடு பக்கத்திலேயே நின்றேன். வரதன் வெறும் தரையில் குனிந்து இல்லாத தவலையைத் தேய்த்தார். தனகோட்டி மேசையின் கால்பக்கத்தில் செங்கல் வைத்து உயர்த்தி, தலை தாழ்ந்திருக்கும்படி அவரைப் படுக்கவைத்துப் படம் எடுத்தார். இருட்டறைக்குள் போனவர் வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கதவு திறந்தது. பிலிம் சொட்டச் சொட்ட ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். இதயத்துக்குப் பின்னால், அவர் வட்டம் போட்ட அதே இடத்தில், வெள்ளையாக, உருண்டையாக, பாதி இரைப்பை மார்புக்குள் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் வார்டிலிருந்து நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். மேசைமேல் தலைகீழாகக் கிடந்த வரதன், "தெரியறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். கண் ஓரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

சரி, இரைப்பை ஏறினால் கணையம் ஏன் வேகவேண்டும்? அதையும் தனகோட்டிதான் தன் தோள்பையை வைத்துக் காட்டினார். "பையத் தூக்குனா, பின்னால ஒட்டிக்கினு கீறதும் கூடத்தானே வரும்?" இரைப்பைக்குப் பின்னால்தான் கணையம் படுத்திருக்கிறது. மெட்ராஸில் எனக்குத் தெரிந்த அறுவை மருத்துவரை டிரங்கால் போட்டுப் பிடித்தேன். ஹெர்னியாவுக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தார். படத்தைப் பாருங்கள் என்றேன். வரதனையும் படத்தையும் ரயிலில் அனுப்பினோம். தர்மகர்த்தாவிடம் நேரில் கேட்க எனக்குத் துணிவில்லை. வீட்டுக்கு இன்னும் ஒரு மாதத் தவணை வேண்டும் என்று தனகோட்டி தானாகப் போய்க் கேட்டு வாங்கிவந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த மருத்துவரின் கடிதம் வந்தது. இரைப்பையோடு கணையத்தின் ஒரு பகுதியும் ஓட்டை வழியாக மேலே இழுபட்டு முறுக்கிக்கொண்டிருந்தது, கீழே இறக்கி ஓட்டையைத் தைத்துவிட்டோம், ஆள் நலம், உங்கள் எக்ஸ்ரேக்காரரை நான் பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தை ஆட்டிக்கொண்டு நான் எக்ஸ்ரே அறைக்கு ஓடினேன். இதை மருத்துவப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன், உங்கள் பெயரையும் போடுவேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன். தனகோட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கோயிலுக்கு யாரு சொல்றது?" என்றார். தர்மகர்த்தாவுக்கு ஒரு கடிதம் அனுப்பிவிடலாம் என்றேன். அவர் பிலிமைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்க அன்னிக்கு வாயால சொன்னீங்க டாக்டரம்மா. இப்ப கடுதாசி போட்டா எப்பிடி?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. கோயிலில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். தனகோட்டி கூப்பிடாமலே கூட வந்து, வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் நின்றுகொண்டார். தர்மகர்த்தாவிடம், சுற்றி இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "வரதன் குடிக்கிறவர் இல்ல. நான்தான் தெரியாம சொன்னேன்" என்றேன். அவர் நம்பவில்லை. "அப்போ இந்த நோவு எதனாலதான் வந்தது?" என்று கேட்டார். விளக்கினேன். "இதெல்லாம் அன்னிக்கே உங்களுக்குத் தெரியாதா?" என்றார். கூட்டமே என்னைப் பார்த்தது. "தெரியல" என்றேன். என் வாழ்நாளில் அந்த வார்த்தையைப் பொதுவில் சொன்னது அதுதான் முதல்முறை.

வரதன் மடைப்பள்ளிக்குத் திரும்பினார், பெரிய தவலைகளை மட்டும் இன்னொருவர் தூக்கினார். வலி திரும்ப வரவில்லை. சனிக்கிழமைதோறும் எக்ஸ்ரே அறைக்குப் புளியோதரை வரும். நாமெல்லாரும் அதைப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். ஆனால் தனகோட்டி கையால் வரதன் கடைசிவரை ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதையும் மறைக்காமல் எழுதுவதுதான் சரி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாரே தனகோட்டி, அந்த அப்புறம் வரவே இல்லை. பத்திரிகைக்கு நானும் எழுதவே இல்லை.

எளாவூரில் அவர் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். லாரிக்காரர்கள், செக்போஸ்ட் ஆட்கள், பக்கத்துக் கிராமத்தார் என்று நல்ல கூட்டம். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். அவர் மகன் எழுந்து வந்து எல்லோர் எதிரிலும் கேட்டான்: "நைனாவுக்கு இன்னா ஆச்சு டாக்டரம்மா? நல்லாத்தான இருந்தாரு. பஸ் ஸ்டாண்டுல வியுந்துட்டாரு." எனக்குப் பின்னால் ஒருவர், "போட்டிருப்பாரு" என்று கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்க் காட்டினார். திரும்பி, "நீங்க பாத்தீங்களா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாரடைப்பு என்று சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும், அந்தப் பையனுக்கும். டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் நான் அவரைச் சோதித்துப் பார்க்கவில்லை, படம் எடுத்துப் பார்க்கவும் இனி அவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று பத்துப் பேர் எதிரில் சொல்லும் திராணி, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வைத்திருப்பது அது ஒன்றுதான்.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன்.

பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க நைனாவும் தெரியலன்னா இப்பிடித்தான் சொல்வாரு" என்றான்.